வீணைக்கு வாங்கிய பெட்டியில் பெடல் ஸ்டீல்

என்னுடைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 29 கிலோ. வால்வு ஆம்ப், அதாவது வாத்தியத்தின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, 85 வாட், உள்ளே இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். 41 வயதில் அதை வாங்கியபோது கார் டிக்கியிலிருந்து மூச்சு வாங்காமல் இறக்கிவைப்பேன். 53 வயதில், டெக்சஸில் ஆஸ்டின் நகருக்குத் தெற்கே ஒரு மதுக்கூடத்தின் பின்படியில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இடுப்பில் சுரீரென்றது. ஆம்பைக் கீழே போடவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, விரல்கள் பிடியை விட மறந்துவிட்டன. அப்படியே படியில் உட்கார்ந்து, டிரம்மர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். பெடல் ஸ்டீல் வாசிக்கிறவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

பெடல் ஸ்டீலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் மெஷினையும் கோட்டு வாத்தியத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்தது போல இருக்கும். நாலு கால் மேசை, மேலே பத்துத் தந்தி. இடது கையில் உருளையான எஃகுத் தண்டு, அதைத் தந்திகள்மேல் வழுக்கவிட்டு வாசிக்க வேண்டும். மன்னார்குடியில் என் பாட்டி வீட்டு வானொலியில் கோட்டு வாத்தியம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த வழுக்கல் புதிதில்லை. புதிதாக இருந்தது கீழே நடக்கும் கூத்துதான். இடது காலுக்கு மூன்று பெடல், இரண்டு முழங்கால்களுக்கும் நெம்புகோல்கள். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெடலை மிதித்தால் அதன் சுருதி அரையோ முழுதோ ஏறும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். 1954-இல் பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டு ஒன்றில் ஸ்டீல்காரர் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்ட பிறகுதான் அமெரிக்கக் கன்ட்ரி இசையில் எல்லோருக்கும் இந்தப் பெடல் வேண்டியிருந்தது. வலது காலுக்கு வேலை வேறு. அது முழுநேரமும் வால்யூம் பெடலின்மேல் இருக்கும். இந்தக் கதையே அந்த வலது காலைப் பற்றியதுதான்.

வாத்தியத்துக்குச் சக்கர வண்டி வாங்கிவிட்டேன். ஆம்புக்கு வழி தெரியவில்லை. வீட்டில் இன்னொரு ஆம்ப் இருந்தது, ஆனால் அது என்னுடையதில்லை. என் மனைவி வீணை வாசிப்பவள். நவராத்திரிக்கு நாலு வீடு கூப்பிடுவார்கள். வீணையின் குதிரைமேல் ஒட்டும் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி), அதற்கென்று அக்கூஸ்டிக் ஆம்ப் ஒன்றும் வைத்திருந்தாள். 60 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கர், கூடவே மேல்ஸ்தாயிக்கென்று குட்டி ஸ்பீக்கர் (ட்வீட்டர்), ஒன்பது கிலோ. ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி, ஏஇஆர் காம்பாக்ட் 60, ரோலண்ட் ஏசி-60 என்று கடைகளில் வரிசையாக நிற்குமே, அந்த ஜாதி. தோளில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகலாம், அவ்வளவு லேசு.

ஒரு மத்தியானம் அவள் வெளியே போயிருந்தபோது ஸ்டீலை அதில் செருகினேன்.

முதல் ஐந்து நிமிடம் மகா ஏமாற்றம். ஈரக் கம்பளியைப் போர்த்தியது போல ஒலித்தது. பிறகுதான் பார்த்தேன், மைக்குக்கான சேனலில் செருகியிருக்கிறேன். மைக் உள்ளீட்டின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். ஸ்டீல் பிக்கப்பின் சுருளோ மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியது, கம்பிச் சுருளின் தடை மட்டுமே 17,000 ஓமுக்கு மேல் போகும். சாதாரண எலெக்ட்ரிக் கிடார் பிக்கப்பைப்போல இரண்டு மூன்று பங்கு. அதற்கு முன்னால் குறைந்த தடையை வைத்தால் மேல்ஸ்தாயி முழுக்கச் செத்துவிடும். வாத்தியத்துக்கான சேனலுக்கு மாற்றினேன். அது வீணையில் ஒட்டுவது போன்ற பியெஸோ பிக்கப்புகளுக்காகச் செய்தது, தடை பத்து லட்சம் ஓமுக்குக் குறையாது. திரை விலகியது.

திரை விலகியதும் தெரிந்தது ஸ்டீலின் அழகு அல்ல, என் வண்டவாளம். கட்டைவிரல் பிக் தந்தியில் படும் ‘டிக்’, எஃகுத் தண்டைத் தூக்கி வைக்கும்போது எழும் கரகரப்பு, உள்ளங்கையால் சரியாக அமுக்காமல் விட்ட தந்தியின் முனகல், எல்லாம் ட்வீட்டர் வழியாகப் பளிச்சென்று வந்தன. பன்னிரண்டு, பதினைந்து அங்குல ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் பாடாது. பன்னிரண்டு வருடம் என் ட்வின் இந்தக் குப்பையையெல்லாம் பாய்க்கு அடியில் தள்ளி வைத்திருந்திருக்கிறது! ட்ரெபிள் குமிழை, கடிகார முள் கணக்கில், ஒன்பது மணி நிலைக்கு இறக்கினேன், பாதி குப்பை போயிற்று. மீதியை ஆறு மாதம் உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. சில ஆம்ப்களின் பின்பக்கம் ட்வீட்டருக்கென்று தனிக் குமிழ் உண்டு. ஸ்டீலுக்கு வாங்குவதாக இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள், ஒலியைப் பல குரல் சேர்ந்தது போலக் காட்டும் கோரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இரண்டு வாரம் இன்னொரு மர்மம் ஓடியது. ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் நடுவில் யாரோ தோண்டி எடுத்தது போல ஒரு பள்ளம். குமிழை எப்படித் திருப்பினாலும் நிரம்பவில்லை. காரணம், வீணைக் குடம் ஊளையிடாமல் இருக்க என் மனைவி ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் வெட்டும் ‘நாட்ச்’ வடிகட்டியைப் போட்டு வைத்திருந்தாள். குடமுள்ள வாத்தியங்களுக்கு அது அவசியம். ஸ்டீலுக்குக் குடமே கிடையாது, ஊளையும் கிடையாது. அந்த வசதி எனக்கு ஒரு ஓட்டைதான். அணைத்தேன், பள்ளம் நிரம்பிவிட்டது. அதற்குள் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏங்க, என் பெட்டியோட குமிழையெல்லாம் யாரு திருப்பினது?”

“நான்தான்மா. சும்மா ஒரு பரிசோதனைக்கு.”

“நேத்து நாட்டைக்குறிஞ்சி எடுத்தா தகர டப்பா மாதிரி கேக்குது. உங்க பரிசோதனைய உங்க பெட்டில வெச்சுக்குங்க.”

என் பெட்டி 29 கிலோ என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். அவள் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து, வீணைக்கான நிலையில் ஒவ்வொரு குமிழுக்கும் எதிரே ஒரு புள்ளி வைத்தாள். நான் என் நிலைகளுக்கு வெள்ளை டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். குடும்பம் அதோடு தப்பியது.

வீட்டில் எல்லாம் சுகம்தான். மேடைதான் பாடம் நடத்தியது.

அது திறந்தவெளி பீர் தோட்டம். பின்னால் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை, பக்கத்தில் முழு டிரம் செட். பழக்கதோஷத்தில் ட்வினை வைக்கும் இடத்தில், எனக்கு மூன்று மீட்டர் பின்னால், தரையில் பெட்டியை வைத்தேன். முதல் பாட்டில் எனக்கே நான் கேட்கவில்லை. வால்யூம் பெடலை இன்னும் அமுக்கினேன். எட்டாவது, பத்தாவது தந்திகளைத் தொட்டபோதெல்லாம் ஆம்பின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, கூடவே ‘பர்ர்’ என்று ஒரு கிழிசல். மூன்றாவது பாட்டில் பாடகர் திரும்பிப் பார்த்தார். நாலாவதில் பேஸ் கிடார்க்காரர் பார்த்தார். எட்டு வருடம் கூட வாசிக்கிறவர்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

அந்த இடைவேளையில் நான் செய்ததற்கும், பிறகு வீட்டில் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்குக்கும் பொருத்தம் இருந்தது. கணக்கை முதலில் சொல்கிறேன்.

85 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையில் வித்தியாசம் வெறும் ஒன்றரை டெசிபல். காதுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே வாட்டைப் பார்த்து ஆம்ப் வாங்குவது, எடையைப் பார்த்து பலாப்பழம் வாங்குவது மாதிரி. உண்மையான வித்தியாசம் ஸ்பீக்கரின் பரப்பில் இருக்கிறது. இரண்டு பன்னிரண்டு அங்குலக் கூம்புகளின் பரப்பு ஓர் ஆறரை அங்குலக் கூம்பைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. கீழ் ஸ்வரங்களுக்குக் காற்றை நிறைய தள்ள வேண்டும். சின்னக் கூம்பு அதை முன்னும் பின்னும் அதிக தூரம் ஓடித்தான் செய்யும், ஓர் எல்லைக்கு மேல் ஓட முடியாது. கிழிசல் அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் தூரத்தின் கணக்கு நமக்குச் சாதகம். வெட்டவெளியில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஆறு டெசிபல் கூடும். அது நாலு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். மூன்று மீட்டரில் தரையில் கிடந்த பெட்டியை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 60 வாட் 240 வாட் ஆன மாதிரி. அதோடு தரையிலிருந்து எடுத்துக் காது மட்டத்தில் வைத்தால் இன்னும் நல்லது. நாம் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள், தரையில் இருக்கும் ஸ்பீக்கரின் கூர்மையெல்லாம் முழங்காலுக்குத்தான் போகும்.

அன்று இடைவேளையில் கிடைத்தது ஒரு காலியான ஐஸ் பெட்டி. அதை நிமிர்த்தி வைத்து, மேலே ஆம்ப், என் வலது தோளுக்கு ஒரு மீட்டர் பின்னால். பேஸ் குமிழைப் பத்து மணிக்கு இறக்கினேன். பின்பக்கம், ஒலியை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்ப இருக்கும் டிஐ வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை ஒலியமைப்பாளரின் மிக்ஸருக்குக் கொடுத்தேன். மக்களுக்குக் கேட்கவைப்பது இனி அவர் பொறுப்பு, என் காதுக்குக் கேட்கவைப்பது மட்டும் பெட்டியின் பொறுப்பு. இரண்டாம் செட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிஐ பற்றி ஒன்று. ஆம்பில் நீங்கள் கேட்கும் ஒலியை ஆறரை அங்குலக் கூம்பு கொஞ்சம் மழுக்கித்தான் தருகிறது. டிஐ வழியே போவது மழுங்காதது. கூட்டத்துக்காக வைக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் (பிஏ) அது ஊசியாக வரும். “5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடுங்கள், 800 பக்கத்தில் கொஞ்சம் இறக்குங்கள்” என்று நான் இப்போது கேபிளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டீல்காரர்கள் தங்கள் ஆம்பில் 800-ஐ இறக்குவது பழைய வழக்கம், மூக்கடைத்த குரல் அங்கேதான் குடியிருக்கிறது. உங்கள் ஆம்பின் டிஐ, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழுக்கு முன்னா, பின்னா என்பதையும் வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின் என்றால் நீங்கள் உங்கள் காதுக்காக மாஸ்டரைத் திருப்பும்போதெல்லாம் மொத்தக் கூட்டத்துக்கும் சத்தம் ஏறி இறங்கும்.

இப்போது வலது காலுக்கு வருகிறேன். ஸ்டீலின் ஸ்வரம் மீட்டிய நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். அது பாடுவது போல நீண்டு நிற்பதாகக் கேட்பதெல்லாம் கால் செய்யும் மோசடி. பெடலைப் பாதியில் வைத்து மீட்டுவோம், தேயத் தேய மெதுவாக அமுக்குவோம், காதுக்கு ஒலி குறையாமல் தெரியும். இதற்கு ஆம்பில் எப்போதும் ஒரு கையிருப்பு வேண்டும். அந்தக் காலத்து ஸ்டீல்காரர்கள் பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் 200 வாட்டும் தேடிப் போனது காதைப் பிளக்க அல்ல, இந்தக் கையிருப்புக்காக. இன்னொரு காரணமும் உண்டு. 1878-இல் கட்டிய கிரீன் ஹால் போன்ற டெக்சஸ் நடனக் கூடங்களில் பழைய நாட்களில் பாடகருக்கு மட்டும்தான் மைக், ஸ்டீல் தன் ஆம்பாலேயே கூடத்தை நிரப்ப வேண்டும். இன்று எல்லா வாத்தியமும் பிஏ வழியாகப் போகிறது. கூடத்தை நிரப்பும் வேலை போய்விட்டது, கையிருப்பின் தேவை போகவில்லை.

சின்ன ஆம்பில் கையிருப்பு கொஞ்சம். நான் செய்வது இது. பெடலை முழுக்க அமுக்குவேன். பத்தாவது தந்தியை என்னால் முடிந்த மட்டும் பலமாக மீட்டுவேன். சிவப்பு விளக்கு எரியாத இடம்வரை உள்ளீட்டுக் குமிழை இறக்குவேன், பிறகு மாஸ்டரை ஏற்றிக்கொள்வேன். ஸ்டீல் பிக்கப்பின் வீரியம் அதிகம் என்பதால் இந்தக் குமிழ் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் எங்கோ நிற்கும், பயப்படாதீர்கள். பிறகு மீட்டும்போது பெடலைப் பாதிக்குக் கீழேயே வைக்கப் பழக வேண்டும். ட்வினோடு நான் முக்கால் மிதியில்தான் வாழ்ந்திருக்கிறேன். மீட்டும் கையும் கனமாக இருந்தது. இரண்டையும் குறைக்க ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

எல்லா ஸ்டீலுக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். நான் வாசிப்பது இ9 என்ற சுருதியமைப்பு, ஒற்றைக் கழுத்து, அதாவது ஒரே வரிசைத் தந்திகள். அதன் ஆகக் கீழ்த் தந்தி 123 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் கீழ்த் தந்தியே 82 ஹெர்ட்ஸ். அதாவது இ9 ஸ்டீல் பார்க்கத்தான் மேசை அளவு, குரல் கிடாரைவிட மேலே. ஆறரை அங்குலத்துக்கு அது எட்டும். இரட்டைக் கழுத்துக்காரர்களின் உள் கழுத்தில் சி6 என்ற இன்னொரு சுருதியமைப்பு இருக்கும், ஸ்விங் பாட்டுகளுக்கு. அதன் கீழ்த் தந்தி 65 ஹெர்ட்ஸ். நண்பர் ஒருவர் தன் இரட்டைக் கழுத்தை என் மனைவியின் பெட்டியில் செருகி அந்தத் தந்தியை ஒரு தட்டு தட்டினார். பெட்டி கனைத்தது. அவருக்கு டிஐயிலிருந்து உள்ளேயே ஆம்ப் உள்ள பன்னிரண்டு அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தோம், அருமையாக இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் தன் பழைய ஆம்புக்கே போய்விட்டார்.

இரைச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சுருள் பிக்கப் எந்த மின்காந்தக் குப்பையையும் இழுத்துக்கொள்ளும். பீர் விளம்பர நியான் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உய்ங் என்று கூடவே பாடும். நாற்காலியை இருபது முப்பது டிகிரி திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் அடங்கும். லேசான ஆம்ப்கள் பலவற்றுள் இருப்பது ஸ்விட்சிங் பவர் சப்ளை, எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டியைப் பிக்கப்புக்கு ஒட்டினாற்போல வைத்தால் அதன் சீறலும் சேர்ந்து வரலாம். அதனால்தான் கிட்டே கொண்டுவா என்று சொன்ன நானே ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். டிஐ கேபிளைச் செருகியதும் உறுமல் கேட்டால் பின்னால் இருக்கும், அந்தக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்குங்கள், பத்தில் எட்டுத் தடவை தீரும். சுவர் பிளக்கில் எர்த் முனையை முறிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ட்வினின் ஒலி இதில் வருமா என்று கேட்கிறார்கள். வராது. மெதுவான பாட்டில், ஆறாவது எட்டாவது தந்திகளைச் சேர்த்து மீட்டி நடுப் பெடலை விடும்போது, ட்வினில் நெஞ்சுக்கூட்டில் ஒரு அழுத்தம் தெரியும். சின்னப் பெட்டியில் ஸ்வரம் இருக்கிறது, அழுத்தம் இல்லை. கேட்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை, அவர்களுக்குப் பிஏ வழியாகத்தானே போகிறது. எனக்குத் தெரிகிறது. சில ராத்திரி அதனாலேயே கொஞ்சம் சோம்பலாக வாசிக்கிறேன். ஆம்புக்கு முன்னால், எதிரொலி தரும் ஒரு தாமத எஃபெக்ட் பெடலை 300 மில்லி வினாடியில், மிகக் குறைவாகக் கலந்தால் பாதி சமாதானம் ஆகிறது. ஆம்பிலேயே இருக்கும் கோரஸைத் தொடவே வேண்டாம், பெடல் போடும் சுருதியேற்றத்தைக் கலக்கிவிடும்.

எனக்கு ஸ்டீல் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்போது 78 வயது. ஜேபிஎல் கம்பெனியின் பதினைந்து அங்குலம் தவிர வேறெதையும் ஸ்பீக்கர் என்று ஒத்துக்கொள்ளாதவர். போன மாதம் எங்கள் வாசிப்பைக் கேட்க வந்திருந்தார். ஐஸ் பெட்டிமேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, உன் மதிய உணவா என்றார். வாசித்து முடித்ததும் பக்கத்தில் வந்து, மூன்றாவது தந்தியை இன்னும் சரியாக அமுக்கவில்லை என்றார். ஆம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது கைப்பிடியில் இரண்டு விரலைக் கோத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அடுத்த வாரம் நவராத்திரி தொடங்குகிறது. ஒன்பது நாளும் குமிழ்கள் சிவப்புப் புள்ளிகளில்தான் நிற்கும், சனிக்கிழமை உட்பட. ட்வினைக் காரேஜிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். டிரம்மரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அந்தப் பின்படிக்கட்டில் மேல்முனையை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று.